தழையிலிருந்து தழைச்சத்துக்கு: சிற்றாற்றுப் படுகையில் மண்வள மரங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் வழியே நிலைநிறுத்தும் மரங்கள் மண்ணை வளப்படுத்துகின்றன என்பது வேளாண் அறிவியலில் நிலைபெற்ற உண்மை. ஆயினும் அவ்வளம் அயலிலுள்ள பயிருக்குச் சென்று சேர்வதை மரத்தின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. மரம் எங்கே நிற்கிறது, அதன் தழையை வெட்டும் உரிமை யாரிடம் உள்ளது என்பனவும் தீர்மானிக்கின்றன. குற்றாலத்திலிருந்து இறங்கித் தென்காசி வழியே பாயும் சிற்றாற்றின் படுகையைக் களமாகக் கொண்டு, மலைத்தழை, கொடிக்கால் அகத்தி, வரப்புமரம், உரமூட்டை ஆகிய நான்கு நிலைகளில் மண்வள வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின்னரே நைட்ரஜனை நிலைநிறுத்தும் மரத்துக்கும் பிற மரத்துக்கும் உள்ள வேறுபாடு நெல் உழவரின் கணக்கில் முதன்மை பெற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தழை உரம், வேர்முடிச்சு, சிற்றாறு, கொடிக்கால், அகத்தி, புங்கு, சென்னை வனச் சட்டம், தென்காசி, குற்றாலம்.

முன்னுரை

வேளாண் தமிழில் நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரசை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் வழங்குகிறோம். இம்மூன்றில் தழைச்சத்து என்னும் சொல் இரு பொருள் தருவது. பயிரைத் தழைக்கச் செய்யும் சத்து என்பது ஒன்று. தழையிலிருந்து கிடைக்கும் சத்து என்பது மற்றொன்று. இன்று உரமூட்டையின் மேல் அச்சிடப்படும் எண்ணைக் குறிக்க இச்சொல் பயன்படுகையில் முதற்பொருள் மட்டுமே நினைவுக்கு வருகிறது. இரண்டாம் பொருள் ஒரு நெடிய உழவு வரலாற்றைத் தாங்கி நிற்கிறது.

உரமிடுதலைப் பற்றிய சிந்தனை தமிழில் பழமையானது. திருக்குறளின் 1038ஆம் குறள் உழுவதைவிட உரமிடுவதை மேலாக வைக்கிறது. சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு, வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கத்தைக் காட்டுகிறது. கிடை, தொழுவுரம், வண்டல், தழை ஆகிய நான்கும் ஆற்றுப்பாசன நன்செய்களின் வளத்தைக் காத்தவை. இவற்றுள் தழை மட்டுமே மரத்தையும் மலையையும் வயலோடு நேரடியாக இணைத்தது. அவ்விணைப்பின் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

சிற்றாறும் இருபோகமும்

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகள் வழியாகவும் குளங்கள் வழியாகவும் நன்செய்களுக்குப் பாய்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் மலையில் மழையையும் அடிவாரத்தில் சாரலையும் தருகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்புகிறது. இவ்விரு மழைகளையும் ஒட்டிக் கார், பிசானம் என்னும் இரு நெற்போகங்கள் அமைந்தன.

இந்த இருபோக முறையே தழை உரத்தின் தேவையை உருவாக்கியது. கார் அறுவடைக்கும் பிசான நடவுக்கும் இடையிலான காலம் குறுகியது. அக்காலத்தில் ஒரு பசுந்தாள் பயிரை வயலிலேயே விதைத்து, வளர்த்து, மடக்கி உழுவதற்கு அவகாசம் இல்லை. பிசான அறுவடைக்குப் பிந்திய கோடைத் தரிசில் கொழிஞ்சி போன்ற செடிகளை வளர்க்கலாம். ஆனால் பிசான நடவுக்கான தழை வயலுக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. வயலிலேயே வளர்ந்து மடக்கப்படுவதைப் பசுந்தாள் உரம் என்றும், வேறிடத்திலிருந்து வெட்டி வந்து இடப்படுவதைப் பசுந்தழை உரம் என்றும் வேளாண் தமிழ் பிரித்து வழங்குவது இவ்வேறுபாட்டினாலேயே. முன்னதற்குக் காலம் வேண்டும். பின்னதற்கு வேறொரு நிலம் வேண்டும்.

வேர்முடிச்சின் செயல்பாடு

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பினும், அதன் மூலக்கூற்றுப் பிணைப்பு வலியது ஆகையால் தாவரங்கள் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல மரங்களின் வேர்களில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்குகின்றன. அம்முடிச்சுக்குள் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகளின் ஆற்றல் செலவாகிறது. அந்த ஆற்றலுக்கான சர்க்கரையை மரம் தன் இலைகளிலிருந்து அனுப்புகிறது. நொதியை ஆக்சிஜன் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், லெக்ஹீமோகுளோபின் என்னும் நிறமி ஆக்சிஜனின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. நன்கு செயல்படும் முடிச்சை நறுக்கினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிவது இந்நிறமியினால்தான்.

இவ்வாறு பெறப்படும் நைட்ரஜன் முதலில் மரத்துக்கே உரியது. அருகிலுள்ள பயிருக்கு அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் சேர்கிறது. இலைகள் உதிர்ந்தோ வெட்டப்பட்டோ மண்ணில் மட்குவது ஒன்று. நுண்வேர்களும் முடிச்சுகளும் மடிந்து சிதைவது மற்றொன்று. கிளையை வெட்டும்போது வேருக்குச் செல்லும் சர்க்கரை குறைவதால் முடிச்சுகளில் ஒரு பகுதி மடிகிறது. துளிர் வந்தபின் மீண்டும் தோன்றுகிறது. ஆகவே வெட்டப்படும் மரமே அயற்பயிருக்கு விரைந்து வளம் தருகிறது. வெட்டப்படாத மரம் நிழலாலும் நீர்ப்போட்டியாலும் அப்பயிரை நலியச் செய்வதும் உண்டு.

இங்குக் கருதவேண்டிய மற்றொரு செய்தி, அவரைக் குடும்பத்து மரங்கள் அனைத்தும் முடிச்சு உண்டாக்குவன அல்ல என்பது. அகத்தி, புங்கு, வாகை, வேங்கை, முள்முருங்கை, கருவேலம் ஆகியவை முடிச்சு உடையவை. புளி, கொன்றை, ஆவாரை ஆகியன அதே குடும்பத்தவை ஆயினும் முடிச்சு உண்டாக்குவதில்லை. மறுபுறம், அவரைக் குடும்பத்தைச் சாராத சவுக்கு, பிராங்கியா என்னும் வேறொரு நுண்ணுயிரியின் துணையால் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது.

மலைத்தழையின் கணக்கு

தமிழ்நாட்டில் நெல்வயலுக்கு எக்டேருக்கு 6.25 டன் பசுந்தழை பரிந்துரைக்கப்படுகிறது. பச்சைத் தழையின் உலர் எடை நான்கில் ஒரு பங்கு எனவும், உலர்தழையில் நைட்ரஜன் ஏறத்தாழ 3 விழுக்காடு எனவும் கொண்டால், இத்தழை தருவது சுமார் 45 கிலோ நைட்ரஜன். ஒரு தலைச்சுமை 25 கிலோ எனக் கொண்டால், ஓர் எக்டேருக்கு 250 சுமைகள் தேவை. வெட்டுதல், கட்டுதல், சுமத்தல், சேற்றில் பரப்பி மிதித்தல் ஆகிய அத்தனை உழைப்பும் நடவுக்கு முந்திய சில வாரங்களில் செய்து முடிக்கப்பட வேண்டியது. தழைச்சத்து என்பது வேதிப்பொருளாக அறியப்படுவதற்கு முன்பு சுமையாகவும் கூலியாகவும் அறியப்பட்டது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இதே கணக்கில் வேறோர் உண்மையும் அடங்கியுள்ளது. புங்கந்தழையிலும் வேப்பந்தழையிலும் நைட்ரஜன் அளவு பெரிதும் வேறுபடுவதில்லை. இரண்டும் உலர் எடையில் 3 விழுக்காட்டை ஒட்டியவை. வேம்பு நைட்ரஜனை நிலைநிறுத்துவதில்லை. மண்ணிலுள்ளதை உறிஞ்சித் தன் இலையில் சேர்க்கிறது. எனவே தழையை மட்டும் பார்க்கும் உழவருக்கு இரண்டும் நல்ல தழைகளே. வேறுபாடு தழையில் இல்லை. தழையின் ஊற்றில் உள்ளது.

மலையிலிருந்து தழை வந்த காலத்தில், வயலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பொருட்டன்று. எந்த மரத்துத் தழையாயினும் வயலுக்கு அது வரவே. ஆனால் மலைக்கு ஒவ்வொரு சுமையும் செலவாகும். அச்செலவை ஈடுசெய்தவை மலையிலேயே நின்ற வேங்கை, வாகை முதலிய முடிச்சுடைய மரங்களும், மண்ணில் தனித்து வாழும் நுண்ணுயிர்களும், மழையுமே. மலைத்தழை இட்ட உழவர் தம் வயலில் நைட்ரஜன் மரம் எதையும் நடாமலேயே, காட்டு மரங்கள் காற்றிலிருந்து சேர்த்ததைப் பயன்படுத்தினர் எனலாம்.

1882: மலை மூடப்படுதல்

திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றிய இரு பெரும் ஆட்சிப்பதிவுகள் ஏ. ஜே. ஸ்டூவர்ட்டின் கையேடும் (1879) எச். ஆர். பேட்டின் விவரச்சுவடியும் (1917) ஆகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மலைக்கும் வயலுக்குமான உறவு அடிப்படையில் மாறியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. மேய்ச்சல், விறகு, தழை ஆகியவை வழக்கால் பெற்ற உரிமை என்னும் நிலையிலிருந்து அனுமதிச் சீட்டும் கட்டணமும் பெற்றுத் துய்க்கும் சலுகை என்னும் நிலைக்கு இறங்கின. இதனால் எழுந்த குறைகளை ஆராயச் சென்னை அரசு அமைத்த வனக்குழு 1913இல் தன் அறிக்கையை அளித்தது. காடுகளின் ஒரு பகுதியை ஊராரின் நிர்வாகத்துக்கு விடும் வனப் பஞ்சாயத்து முறை அதனையொட்டியே உருவானது.

இங்கு ஒரு காலமுரண் கவனத்திற்குரியது. அவரைக் குடும்பத் தாவரங்கள் வேர்முடிச்சின் வழியே காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலர் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1886இல் அறிவித்தனர். விரிவான ஆய்வு 1888இல் வெளிவந்தது. முடிச்சிலுள்ள பாக்டீரியாவை டச்சு அறிவியலர் பெய்ஜெரிங்க் 1888இல் பிரித்தெடுத்தார். ஆகவே, மலைத்தழையின் வழியை மூடிய சட்டம் முதலில் வந்தது. வயலோரத்தில் எந்த மரத்தை நட்டால் அந்த இழப்பு ஈடாகும் என்பதை விளக்கிய அறிவியல் நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

1889ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்து சுற்றாய்வு செய்த வேளாண் வேதியியலர் ஜே. ஏ. வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், விறகுப் பற்றாக்குறையால் சாணம் எரிக்கப்படுவதை மண்வளக் குறைவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினார். விறகுக்கும் தீவனத்துக்கும் எனத் தனிக் காப்பிடங்களை வளர்க்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. பயறுவகைகளைக் கலந்தும் மாற்றியும் பயிரிடும் இந்திய உழவரின் முறை அறிவுடையது என்பதையும் அவர் ஏற்றார். காடும் வயலும் ஒரே வளக்கணக்கின் இரு பக்கங்கள் என்பதை ஆட்சியின் மொழியிலேயே கூறிய ஆவணமாக அவ்வறிக்கையைக் கொள்ளலாம்.

சிற்றாற்றுப் படுகையில் இவ்வரலாறு ஒரே சீராக நிகழவில்லை. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியின்கீழ் இருந்தது. தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சில கல் தொலைவில், ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில், இரு வேறு அரசுகளின் வனச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. இப்பகுதியின் தழை உரிமை பற்றிய ஆய்வு சென்னை ஆவணங்களோடு மட்டும் நிறைவுறாது.

கொடிக்காலும் குற்றாலத் தோட்டமும்

மலைத்தழையைச் சாராத ஒரு முறை தமிழகத்தில் முன்பே வழக்கில் இருந்தது. அது வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலில் முதலில் அகத்தி விதைக்கப்படுகிறது. அது ஓரளவு உயர்ந்தபின் வெற்றிலைக்கொடி நடப்பட்டு அகத்தியில் ஏற்றிக் கட்டப்படுகிறது. அகத்தியின் தலை அவ்வப்போது கொய்யப்படுகிறது. இம்முறையில் அகத்தி கொழுகொம்பு, நிழல், காற்றுத்தடை, தீவனம் ஆகிய நான்கு பணிகளைச் செய்கிறது. வேரில் மிகுதியான முடிச்சுகளைத் தாங்குவதால் ஐந்தாவதாக மண்வளத்தையும் பேணுகிறது. வெற்றிலை இலைக்காகவே வளர்க்கப்படும் பயிர். இலைக்கு வேண்டிய முதன்மைச் சத்து நைட்ரஜன். இவ்விணை தற்செயலாகத் தோன்றியிருப்பினும், தலைமுறைதோறும் பேணப்பட்டதற்கு அதன் பயன் காரணமாயிற்று எனக் கருத இடமுண்டு.

ஆயினும் கொடிக்காலைத் தன்னிறைவு பெற்ற அமைப்பு எனல் மிகை. கொய்யப்படும் அகத்தித்தழை கால்நடைக்கும் சந்தைக்கும் செல்லும்போது அதிலுள்ள நைட்ரஜனும் உடன் செல்கிறது. கொடிக்காலுக்குத் தொழுவுரமும் வெளித்தழையும் தொடர்ந்து இடப்பட்டு வந்தமை இதனை உறுதிப்படுத்துகிறது. மரம் சத்தை உண்டாக்குகிறது. அது அவ்விடத்திலேயே நிலைப்பதை மனிதரின் கைதான் முடிவு செய்கிறது.

குற்றாலத்தின் தோட்டப்பயிர் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பெனி 1800ஆம் ஆண்டளவில் குற்றாலத்தில் அமைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்தின் வழியே கிராம்பு இந்தியாவுக்கு அறிமுகமாயிற்று. 1796இல் மொலுக்காஸ் தீவுகள் ஆங்கிலேயர் வசமானதே இத்தகைய முயற்சிகளுக்கு வழிவகுத்தது. கிராம்பு, சாதிக்காய் ஆகியவை இளம்பருவத்தில் நிழலை வேண்டுபவை. மேற்குச் சரிவின் மிளகுத் தோட்டங்களில் முள்முருங்கை கொடி படரும் தாங்குமரமாகவும் நிழல்மரமாகவும் அமைந்தது. இலங்கை, அசாம் ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் முள்முருங்கை, வாகை இனங்கள் நிழலுக்கும் தழைக்குமாக நடப்பட்டன. தோட்ட முதலீட்டாளருக்கு நிலம் நெடுங்காலம் தம்வசம் இருக்கும் என்னும் உறுதி இருந்தது. ஆகவே மரம் நடுவது அவர்க்கு இலாபக்கணக்கில் அடங்கியது. நெல்வயலின் நிலை வேறு.

வரப்பு மரமும் உரமூட்டையும்

மலைத்தழை அரிதானபோது வரப்பும் வாய்க்கால் கரையுமே மாற்றிடங்கள் ஆயின. இந்நிலையில்தான் புங்குக்கும் வேம்புக்கும் உள்ள வேறுபாடு பொருளுடையதாயிற்று. வரப்பில் நிற்கும் வேம்பு வயல் மண்ணிலிருந்து எடுத்ததையே தழையாகத் திருப்பித் தருகிறது; ஆழத்துச் சத்தை மேலே கொணரும் அளவிலேயே அதனால் ஆதாயம். அதே வரப்பில் நிற்கும் புங்கு, காற்றிலிருந்து பெற்ற ஒரு பங்கைப் புதிதாகச் சேர்க்கிறது. 20ஆம் நூற்றாண்டில் சென்னை வேளாண் துறையும் கோவை வேளாண் கல்லூரியும் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி முதலிய பசுந்தாள் பயிர்களோடு வரப்புமரங்களையும் பரப்பின. நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த கிளைரிசிடியா இவற்றுள் குறிப்பிடத்தக்கது. போத்து நட்டாலே வேர்விடுவதும், அடிக்கடி வெட்டினும் துளிர்ப்பதும், தழை விரைந்து மட்குவதும் அதன் சிறப்புகள்.

ஆனால் வரப்புமரத்துக்கு நில உரிமை ஒரு தடையாக நின்றது. புங்கு தழை தர ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் உழுவோமா என்னும் உறுதியற்ற குத்தகைதாரருக்கு மரம் நடுதல் பிறர்க்குச் செய்யும் முதலீடாகும். குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1955இல்தான் இயற்றப்பட்டது. அதே காலப்பகுதியில் உரமூட்டை ஊருக்குள் வந்துவிட்டது.

அதன் வருகையிலும் காட்டின் பங்கு இருந்தது. 1943இல் நிறுவப்பட்டு 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய திருவிதாங்கூரின் உத்தியோகமண்டல் உர ஆலை, அம்மோனியாவுக்கான மூலப்பொருளைப் பெற முதலில் விறகையே பயன்படுத்தியது. தழைச்சுமையாக இறங்கிய மலையின் வளம், விறகாக ஆலைக்குச் சென்று அம்மோனியம் சல்பேட்டாக வெளிவந்தது. பின்னர் 1975இல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. உயர்விளைச்சல் நெல்வகைகளுக்கு எக்டேருக்கு 120 முதல் 150 கிலோ வரை நைட்ரஜன் பரிந்துரைக்கப்படுகையில், 250 சுமைத் தழை தரும் 45 கிலோ, ஏறத்தாழ இரண்டு யூரியா மூட்டைகளில் அடங்கிவிடுகிறது. தழை உரத்தின் வீழ்ச்சியை உழவரின் அறியாமையாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. உழைப்பின் கணக்கே அவ்வீழ்ச்சியை விளக்கப் போதுமானது.

எனினும் அந்த இரு மூட்டைகள் தழையின் முழுப் பணியையும் செய்வதில்லை. யூரியாவின் நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றிலும், நைட்ரேட்டாக நீரிலும், நைட்ரஸ் ஆக்சைடாக வளிமண்டலத்திலும் கலக்கிறது. தழை தரும் மட்கும் நீர்பிடிப்பும் நுண்ணுயிர்ப் பெருக்கமும் மூட்டையில் இல்லை.

மரத்தின் எல்லை

நைட்ரஜனை நிலைநிறுத்துதல் மட்டுமே ஒரு மரத்தை நன்மரமாக்குவதில்லை என்பதற்குச் சீமைக் கருவேலம் சான்று. அது முடிச்சுடைய மரம். அதன் அடிமண்ணில் நைட்ரஜன் மிகுவதும் உண்மை. ஆயினும் வெட்டிப் பேணப்படாத நிலையில் குளங்களிலும் தரிசுகளிலும் அடர்ந்து பரவி, பிற செடிகளை வளரவிடாமல் தடுக்கிறது. அதன் அடியில் சேர்ந்த வளத்தைத் துய்க்க வேறு பயிர் அங்கில்லை. கொடிக்கால் அகத்திக்கும் குளத்துச் சீமைக் கருவேலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு வேரில் இல்லை, பராமரிப்பில் உள்ளது.

முடிவுரை

சிற்றாற்றுப் படுகையின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, மலைத்தழை வந்தவரை நைட்ரஜன் மரத்தின் தனிச்சிறப்பு நெல்வயலுக்குப் புலப்படவில்லை; மலை மூடப்பட்டபின் வரப்பிலேயே அது பொருள் பெற்றது. இரண்டாவது, மரம் தரும் வளம் அயற்பயிரைச் சேர்வதற்கு வெட்டும் கையும், அக்கைக்கு நிலத்தின்மீதுள்ள உரிமையும் இன்றியமையாதவை. மூன்றாவது, உரமூட்டை வென்றது சத்தினால் அன்று, சுமையைக் குறைத்ததனால்.

தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கு மலைக்காடுகளின் பெரும்பகுதி இன்று காட்டுயிர்க் காப்பகம். அங்கிருந்து மீண்டும் தழை இறக்குவது இயலாது. இயலினும் தகாது, ஏனெனில் சிற்றாற்றின் நீர் அக்காட்டு மண்ணைச் சார்ந்தே உள்ளது. ஆகவே வரப்பும் வாய்க்கால் கரையும் குளக்கரையுமே எஞ்சியுள்ள இடங்கள். அங்கு நடப்படும் புங்கின் தழையை வெட்டும் உரிமை உழுபவருக்கு உண்டா, வெட்டும் உழைப்புக்குக் கூலி உண்டா என்னும் வினாக்களுக்கு விடை காணாத மரநடுகைத் திட்டம் நிழலைத் தரலாம்; வயலுக்குத் தழைச்சத்தைத் தராது.